அம்மாவுக்கு ஃப்ளூ ஊசி: போன வருஷம்தானே போட்டோம், மறுபடியும் எதற்கு?

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 67 வயது. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் உண்டு. போன வருஷம் முதல் தடவையாக ஃப்ளூ தடுப்பூசி போட்டோம், இரண்டாயிரம் ரூபாய் கிட்ட ஆனது. மூன்று வாரம் கழித்து நாலு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். ‘ஊசியும் போட்டாச்சு, காய்ச்சலும் வந்தாச்சு, இனி எனக்கு வேண்டாம்’ என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் தம்பி வருஷா வருஷம் அக்டோபரில் போடணும் என்கிறான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஏப்ரல், மே மாதத்தில் போடணும் என்று ஒன்று வந்தது. அடுத்த நாளே, இந்த ஊசி போட்டால்தான் ஃப்ளூவே வரும் என்று ஒரு டாக்டர் பேசுவதாக வாய்ஸ் மெசேஜ். மெடிக்கல் ஷாப்காரர், போன வருஷ ஸ்டாக் ஒன்று இருக்கு, விலை குறைச்சுத் தரேன், எல்லாம் ஒண்ணுதான் என்கிறார். இன்னொரு கடையில், முன்னே நாலு வகைக் கிருமிக்கு இருந்தது இப்போ மூணுக்குத்தான் வருகிறதாம். நாலு வயதுப் பையனுக்கு இன்ஃப்ளூயன்சா ஏற்கெனவே போட்டதாகத் தடுப்பூசி அட்டையில் இருக்கிறது. நான் யாரை நம்புவது, எங்கே பார்ப்பது? ஊசியை எந்தக் கையில் போடணும் என்றும் அம்மா கேட்கச் சொன்னார்.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: எந்தக் கை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், அந்தப் போன வருஷப் பெட்டியை வாங்காதீர்கள். கடைக்காரர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று சொல்லவில்லை, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். காலாவதித் தேதி இன்னும் முடியாமல்கூட இருக்கலாம். ஆனால் ஃப்ளூ ஊசியில் காலாவதித் தேதியை மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள், எந்த வருஷத்துக்கான ஊசி என்று அதிலேயே அச்சடித்திருக்கும். 2025-2026 என்று இரண்டு வருஷம் சேர்த்துப் போட்டிருந்தால் அது பூமியின் வட பாதிக்கான தயாரிப்பு, ஒரே வருஷம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் தென் பாதிக்கானது. பக்கத்திலேயே ஏ, பி என்று தொடங்கி, ஊர்ப் பெயர், எண், வருஷம் எல்லாம் சேர்ந்த நீளமான வரிகள் இருக்கும். அவைதான் அந்தத் தடவை ஊசிக்குள் வைத்திருக்கும் வைரஸ்களின் பெயர்கள். அந்த வரிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். அம்மா கேட்கும் ‘மறுபடியும் எதற்கு’ என்பதற்குப் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது.

மாறுவதற்குக் காரணம், இந்த வைரஸ் பெருகும்போது தன்னை நகலெடுப்பதில் கொஞ்சம் கவனக்குறைவான ஜாதி. தட்டம்மை வைரஸுக்கு எதிராக நம் உடம்பு ஒரு தடவை கற்றுக்கொண்டால் ஆயுசுக்கும் காணும், ஆனால் ஃப்ளூ அப்படி இல்லை. அதன் மேல்பரப்பில் எச், என் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன (செய்தியில் எச்1என்1, எச்3என்2 என்று படிக்கிறோமே, அந்த எச்சும் என்னும்தான்). அவை சிறுகச் சிறுக உருமாறிக்கொண்டே வரும். அதனால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு தடவை நிபுணர்களைக் கூட்டுகிறது. பிப்ரவரியில் கூடி, வட பாதியில் வரப்போகும் குளிர்காலத்துக்கான ஊசியில் எந்தெந்த வைரஸ் இருக்க வேண்டும் என்று சொல்வார்கள், செப்டம்பரில் தென் பாதிக்கு. இதற்கான கண்காணிப்பு 1952-லிருந்து நடக்கிறது, நம் நாட்டிலிருந்து புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் அதில் இருக்கிறது. அறிவிப்பு வந்த பிறகு பெரும்பாலும் கோழி முட்டையில் வைரஸை வளர்த்து, செயலிழக்கச் செய்து, சுத்திகரித்து, சிரிஞ்சில் அடைத்து வெளியே வர ஆறு மாதம் போல ஆகும். மீதிப் பாதிப் பதில், ஊசியால் வரும் எதிர்ப்புச் சக்தியே சில மாதங்களில் மெல்ல இறங்கிவிடும், அதுவும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அதனால் ஒரு வருஷம் வைரஸ் பெயர்கள் மாறாமலே இருந்தாலும் ஊசி புதிதாகத்தான் வேண்டும்.

நாலு மூன்றானது தரம் குறைந்ததால் இல்லை. பி வகையில் விக்டோரியா, யமகட்டா என்று இரண்டு கிளைகள் இருந்தன. இதில் யமகட்டா 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கேயும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவே இல்லை. கொரோனா காலத்தில் ஊரெல்லாம் முகக்கவசம் போட்டு வீட்டுக்குள் இருந்ததில் அது அப்படியே காணாமல் போயிருக்க வேண்டும். இல்லாத வைரஸுக்கு எதற்கு இடம் என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதை எடுத்துவிடலாம் என்றது. ஆகவே மூன்று வகை ஊசி கிடைத்தால் தயங்காமல் போடலாம்.

இப்போது அம்மாவின் நாலு நாள் காய்ச்சலுக்கு வருகிறேன். அவருடைய கோபம் நியாயமானதுதான், காசும் கொடுத்து, கையிலும் வலித்து, அப்புறமும் படுத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது. ஆனால் அது ஊசியால் வந்த காய்ச்சல் இல்லை. கையில் போடும் இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் அது ஃப்ளூவை உண்டாக்க வழியே இல்லை. ஊசியின் எதிரொலியாக வருகிற காய்ச்சல், உடம்பு வலி எல்லாம் ஒன்றிரண்டு நாளில் வந்து ஒன்றிரண்டு நாளில் போய்விடும், மூன்று வாரம் காத்திருக்காது. அப்படியானால் அம்மாவுக்கு வந்தது என்ன? பரிசோதனை செய்யாமல் யாராலும் சொல்ல முடியாது. சளி, இருமல், காய்ச்சல் கொடுக்கிற வைரஸ்கள் டஜன் கணக்கில் உண்டு, ஃப்ளூ ஊசி ஃப்ளூவை மட்டும்தான் தடுக்கும். ஃப்ளூவாகவே இருந்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. ஏனென்றால் இந்த ஊசி நூற்றுக்கு நூறு எல்லாம் கிடையாது. ஊசியும் ஊரில் சுற்றும் வைரஸும் நன்றாகப் பொருந்துகிற வருஷத்திலேயே ஃப்ளூவோடு டாக்டரிடம் போக வேண்டிய வாய்ப்பை 40-லிருந்து 60 சதவீதம்தான் குறைக்கும், பொருந்தாத வருஷத்தில் இன்னும் கம்மி, வயதானவர்களுக்கும் கம்மி. இதை ஊசி போடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை இருக்காது, எங்கள் ஆட்கள் சொல்வதில்லை.

பின் எதற்கு அம்மாவுக்குப் போடச் சொல்கிறேன் என்றால், அவருக்கு ஃப்ளூ வந்தால் அது ஃப்ளூவோடு நிற்காது. சர்க்கரை ஏறும், நிமோனியா பிடிக்கும், இதயம் திணறும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிடச் சுமார் ஆறு மடங்கு இருந்தது. ஊசி போட்டும் ஃப்ளூ வந்தவர்கள், போடாமல் வந்தவர்கள் அளவுக்கு ஆஸ்பத்திரி, ஐசியு என்று போவதில்லை. அம்மா நாலு நாள் வீட்டுக் கட்டிலில் படுத்து எழுந்தாரே, அந்தக் கணக்கையும் அவரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

எந்த மாதம் போடுவது? இங்கே தம்பி சொல்வதும் பொய் இல்லை, வாட்ஸ்அப்பில் வந்ததும் முழுப் பொய் இல்லை, இரண்டும் வேறு வேறு ஊருக்கானவை. அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஃப்ளூ உச்சத்துக்குப் போகும், அதற்கு முன்னால் அக்டோபருக்குள் போடச் சொல்வார்கள். டெல்லி, புனே, கொல்கத்தா பக்கம் தென்மேற்குப் பருவமழையோடு ஜூன், ஜூலையில் தொடங்கி ஏறும், அந்த ஊர்களுக்கு ஏப்ரல், மே சரி. ஸ்ரீநகரில் ஃப்ளூவின் உச்சம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. சென்னையிலும் வேலூரிலும் பல வருஷம் கவனித்ததில் உச்சம் அக்டோபர் முதல் டிசம்பர், அதாவது நம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. தஞ்சாவூருக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் என்பதால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது, ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் பிடிக்கும். தம்பியின் அக்டோபர் தற்செயலாக நமக்கும் கொஞ்சம் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். தவறவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் வேண்டாம், 2023-ல் மார்ச் மாதத்தில் எச்3என்2 பரவி, தமிழ்நாடு முழுக்க ஆயிரம் காய்ச்சல் முகாம் போட்டார்கள். ஃப்ளூ நம் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. அன்றைக்குக் கடையில் இருப்பதில் எது புதிய தயாரிப்போ அதைக் கேட்டுப் போடுங்கள்.

பையனின் அட்டை விஷயம் எனக்கு மிகவும் பழக்கமானது, மாதத்துக்கு ஒரு அம்மாவாவது இதைக் கொண்டுவந்து காட்டுவார். அவனுக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் போட்ட ஐந்து நோய்த் தடுப்பூசியில், பென்டாவேலன்ட் என்று அட்டையில் இருக்கும், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி என்று ஒன்று உண்டு. அது ஃப்ளூவே இல்லை. அது ஒரு பாக்டீரியா, குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொடுப்பது. 1892-ல் ஃபைஃபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஃப்ளூவுக்குக் காரணம் இந்தப் பாக்டீரியாதான் என்று தப்பாக நினைத்துவிட்டார், பெயர் ஒட்டிக்கொண்டது. மனிதர்களின் ஃப்ளூ வைரஸை உண்மையில் பிரித்தெடுத்தது 1933-ல், லண்டனில். அதற்குள் பெயரை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை, நூற்று முப்பது வருஷம் கழித்து தஞ்சாவூரில் நீங்கள் குழம்புகிறீர்கள். ஆக, உங்கள் பையனுக்கு ஃப்ளூ ஊசி இன்னும் போடவில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் வருஷா வருஷம் போடலாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. ஒன்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முதல் வருஷம் மட்டும் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, அடுத்த வருஷத்திலிருந்து ஒன்று. இந்த இரண்டாவது ஊசியைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள், முதல் ஊசி போடும் அன்றே தேதியை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம். அரசுத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ இல்லை, அதனால் கைக்காசுதான். தனியார் கிளினிக்கில் ஊசி விலையோடு டாக்டர் கட்டணமும் சேரும், பெட்டியில் உள்ள விலையைப் பார்த்து, மேலே எவ்வளவு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வியாபாரமா என்று கேட்டால், ஆமாம், அதில் வியாபாரமும் இருக்கிறது, எங்களுக்கு ஒரு ஊசிக்கு இவ்வளவு என்று நிற்கத்தான் செய்கிறது. அதனால் அது தேவையில்லாத ஊசி ஆகிவிடாது. வீட்டில் ஒருவருக்குத்தான் கட்டுப்படியாகும் என்றால் முதலில் அம்மாவுக்கு, அடுத்து பையனுக்கு, அப்புறம் நீங்கள். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் அவரும் அம்மாவோடு முதல் வரிசையில், பிறக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை ஊசி போட முடியாது, அதுவரை தாயின் எதிர்ப்புச் சக்திதான் அதற்குக் காவல்.

வாங்குவது மெடிக்கல் ஷாப்பில், போடுவது கிளினிக்கில் என்றால் நடுவில் அதைக் கொண்டுபோகும் விதம் முக்கியம். இது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள், வெயிலும் ஆகாது, உறையவும் கூடாது. சில வருஷம் முன்னால் ஒரு பெரியவர் ரொம்ப அக்கறையாக, டீக்கடையில் ஐஸ் கட்டி வாங்கி தெர்மாஸ் ஃப்ளாஸ்க்கில் நிரப்பி, அதற்குள் சிரிஞ்சை நட்டு வைத்து, பஸ்ஸில் ஒரு மணி நேரம் பயணம் செய்து என்னிடம் கொண்டுவந்தார். வெளியே எடுத்தால் உள்ளே மருந்து கண்ணாடி மாதிரி கட்டியாக நிற்கிறது. உறைந்த ஊசியை உருக்கிப் போட்டால் பலன் இல்லை என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே குப்பையில் போட்டேன். அன்றைக்கு அவர் என்னைத் திட்டியதை எழுத முடியாது. கடையில் ஜெல் பேக் கொடுப்பார்கள், அதைத் துணியிலோ பேப்பரிலோ சுற்றி, பெட்டி நேராக அதன்மேல் படாமல் வைத்து, நேரே கிளினிக்குக்குப் போங்கள். அதைவிட நல்லது, முன்கூட்டியே போன் செய்து, ஃப்ரிட்ஜில் ஸ்டாக் வைத்திருக்கும் கிளினிக்குக்கே போய்விடுவது.

யாரை நம்புவது என்ற கேள்வியைத்தான் நீங்கள் நடுவில் ஒரு வரியில் போட்டுவிட்டீர்கள், எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது. ஊசிப் பெட்டியில் பார்க்கச் சொன்னேனே, எந்த வருஷம், எந்தப் பகுதிக்கானது என்று, செய்தியிலும் அதையே பாருங்கள். உங்களுக்கு வந்த ஏப்ரல், மே செய்தியில் இது டெல்லிக்கு என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் இவ்வளவு குழப்பமே இல்லை. 2025 ஜனவரியில் எச்எம்பிவி என்ற சளி வைரஸைப் பற்றிய பயம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சென்னையிலும் சேலத்திலும் ஒவ்வொருவருக்கு உறுதியானது என்று அரசு சொன்னதும், சீனாவிலிருந்து புதுக் கிருமி, அடுத்த ஊரடங்கு என்று ஒரு வாரம் போன் ஓயவில்லை. அந்த வைரஸைக் கண்டுபிடித்ததே 2001-ல், நெதர்லாந்தில். அதற்கும் எத்தனையோ வருஷம் முன்பிருந்தே நம் பிள்ளைகளுக்கு அது சளியாக வந்து போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. யாராவது அந்த 2001 என்ற ஒரு எண்ணை மட்டும் தேடிப் பார்த்திருந்தால் போதும்.

வாய்ஸ் மெசேஜில் பேசியவர் பெயர் சொன்னாரா? சொல்லியிருந்தால் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைப் போட்டுத் தேடலாம், ஆங்கில மருத்துவ டாக்டராக இருந்தால் பெரும்பாலும் அதில் இருப்பார். பெயரே சொல்லாத டாக்டரை ஏன் நம்ப வேண்டும்? நீங்கள் நம்பிப் பார்க்கக்கூடியவை என்றால், ஊசி பற்றியும் வைரஸ் பற்றியும் உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளம், நம் மாநிலத்தில் இப்போது என்ன நிலவரம் என்பதற்குத் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையின் அறிவிப்புகள். மத்திய அரசின் நோய்க் கண்காணிப்புத் திட்டம் எச்1என்1 பாதிப்பு எத்தனை, இறப்பு எத்தனை என்று மாநில வாரியாகப் போடுகிறது, அதில் உறுதி செய்யப்பட்டவை மட்டும்தான் வரும் என்பதால் உண்மை எண்ணிக்கை எப்போதும் அதைவிட அதிகம் என்று மனதில் வைத்துப் படியுங்கள். இணையம் எல்லாம் தோதுப்படாது, தமிழில் ஒருவரிடம் பேசிக் கேட்டால் தேவலை என்றால் 104-க்கு அழையுங்கள். அம்மாவின் சர்க்கரை டாக்டர் இருக்கிறாரே, அவரை மறந்துவிட்டீர்கள். நான் உங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை, அவர் பதினைந்து வருஷமாகப் பார்க்கிறார் இல்லையா.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் மழைக்காலத்தில் அம்மாவுக்குத் திடீரென்று காய்ச்சல் ஏறி, அடித்துப் போட்டது போல உடம்பு வலித்து, வறட்டு இருமல் வந்தால் முதல் இரண்டு நாளுக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். ஃப்ளூவுக்கு ஒசல்டமிவிர் என்ற மாத்திரை உண்டு, அது 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அதே சமயத்தில் டெங்குவும் சுற்றும் என்பதால் வலிக்குப் பாராசிட்டமால் தவிர வேறு எதையும் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாம், டாக்டர் பார்த்துச் சொன்னால் தவிர. 2023-ல் அந்த எச்3என்2 பரவியபோது இந்திய மருத்துவர் சங்கமே, காய்ச்சல் மூன்று நாளில் போகும், இருமல் மூன்று வாரம்கூட இருக்கும், அதற்கெல்லாம் அசித்ரோமைசின் கொடுக்காதீர்கள் என்று டாக்டர்களுக்கு அறிக்கை விட வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பேச்சு தடுமாறினால், இறங்கின காய்ச்சல் திரும்ப ஏறினால் நேரே ஆஸ்பத்திரிதான். நிலவேம்புக் குடிநீர் குடித்தால் ஊசி தேவையில்லையா என்று சிலர் கேட்பார்கள், அது ஊசிக்கு மாற்று இல்லை. சுக்குக் காபி தொண்டைக்கு இதம்தான், ஆனால் சர்க்கரை உள்ளவர் ‘கருப்பட்டிதானே’ என்று நாலு வேளை குடித்து 300-ல் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஊசி போடும் அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடுங்கள், சாதாரண மூக்கொழுகல் பரவாயில்லை. மாத்திரைகள் எதையும் நிறுத்த வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், மெல்லிய ஊசியால் போட்டு இரண்டு மூன்று நிமிஷம் தேய்க்காமல் அழுத்திப் பிடித்தால் போதும். முட்டை ஒத்துக்கொள்ளாது என்பது இப்போது தடை இல்லை, ஆனால் முன்பு இதே ஊசி போட்டு மூச்சு முட்டி, உடம்பெல்லாம் தடித்து அவசர சிகிச்சைக்குப் போனவர் என்றால் போடக் கூடாது. அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை, காய்ச்சலைத்தான் சொன்னார். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

கை விஷயம்: எந்தக் கையாக இருந்தாலும் பலன் ஒன்றுதான். தோளுக்குக் கீழே சதையில் போடுவார்கள், ஒன்றிரண்டு நாள் தூக்க வலிக்கும். அம்மா வலது கைக்காரர் என்றால் இடது கையில் போடச் சொல்லுங்கள், மறுநாள் தோசை வார்க்க வேண்டியிருக்கும்.